கிரின்னெல் பனியாறு: ஒரே நாளில் ஏறி இறங்குவது எப்படி?

ஜூன் மாதத்துக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில் இருக்கும் இந்தப் பாதை, பெரும்பாலான ஆண்டுகளில் ஜூலை நடுவில்தான் கடைசி வரை திறக்கும். பாதையின் மேற்பகுதி செங்குத்தான சரிவை வெட்டிக்கொண்டு போகிறது. அங்கே கோடை தொடங்கிய பிறகும் பனித்திட்டு உறைந்தே கிடக்கும். கால் வழுக்கினால் கீழே பாறை. "கைத்தடி இருக்கிறது, பார்த்துப் போய்விடலாம்" என்று நினைக்கவேண்டாம். பூங்காத் தளத்தில் பாதைகளின் நிலவரப் பக்கம் உண்டு, அதில் 'திறப்பு' என்று வந்தபின் போங்கள். ஜூலை கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரைதான் என் பரிந்துரை.

தூரம், நேரம்

நடந்தே போனால் போகவர 10.6 மைல், அதாவது 17 கி.மீ. ஏற்றம் சுமார் 500 மீட்டர். பாதை முடியும் இடத்தில், பனியாற்றின் அடியில் இருக்கும் ஏரிக்கரையே 2,000 மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கிறது, அதனால் லடாக் போல மூச்சு முட்டும் என்ற பயம் தேவையில்லை. வெயில்தான் படுத்தும், வழியில் நிழல் குறைவு. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் வடிகட்டாமல் குடித்தால் ஜியார்டியா கிருமி வயிற்றைக் கலக்கிவிடும்.

காரில் வருபவர்கள் பாப் என்ற சிற்றூரிலிருந்து 12 மைல் உள்ளே வந்தால் மெனி கிளேசியர், பாதை தொடங்கும் பகுதி. அங்கே செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். வரைபடம், படகு டிக்கெட் எல்லாவற்றையும் முந்தின இரவே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். கார் நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும். முன்பதிவு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், போன வருடம் போன நண்பர் சொன்னதை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

படகு: கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

படகு பிடித்தால் போகவர சுமார் 5.5 கி.மீ. மிச்சம். குழந்தைகளோ பெரியவர்களோ கூட இருந்தால் யோசிக்கவே வேண்டாம், படகுதான். ஆனால் படகு ஒன்றல்ல, இரண்டு. 1915இல் கட்டிய மெனி கிளேசியர் ஓட்டலின் பின்புறம் ஸ்விஃப்ட்கரன்ட் ஏரியில் முதல் படகு. அதிலிருந்து இறங்கி ஒரு சின்ன மேட்டை 5 நிமிடத்தில் தாண்டினால் ஜோசபின் ஏரியில் இரண்டாவது. ஒரே டிக்கெட் இரண்டுக்கும் சேர்த்துத்தான். கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும், விமான டிக்கெட் எடுத்த கையோடு இதையும் எடுத்துவிடுங்கள்.

எல்லோரும் போகும் நேரத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது ஜோசபின் ஏரியிலிருந்து திரும்பும் கடைசிப் படகு. உதாரணத்துக்கு அது மாலை 5 மணி என்று வையுங்கள். மேலிருந்து படகுத்துறைக்கு இறங்க 2 மணி நேரம், வரிசையில் நிற்க அரை மணி. ஆக மதியம் 2.30க்கு மேலே கிளம்பியாகவேண்டும். ஏரிக்கரையில் ஒரு மணி நேரம், ஏற 3 மணி நேரம் என்று கழித்தால், காலை 10.30க்கு ஜோசபினின் மறுகரையில் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். 11 மணிப் படகு இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. கடைசிப் படகைத் தவறவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது, கூடுதலாக 3 கி.மீ. நடக்கவேண்டும். களைத்த காலுக்கு அது பத்து கி.மீ. மாதிரித் தெரியும்.

பெயர்க் குழப்பம்

'கிரின்னெல் ஏரி' என்று பலகையில் இருப்பது கீழே இருக்கும் ஏரி. படகுத்துறையிலிருந்து சமதளத்தில் ஒரு மைல், அவ்வளவுதான். அழகான இடம், ஆனால் அங்கே பனியாறு இல்லை. நீங்கள் தேடுவது மேல் கிரின்னெல் ஏரி. 'கிரின்னெல் கிளேசியர்' என்று பலகை காட்டும் ஏற்றப் பாதையைப் பிடியுங்கள். அரை மணி நேரம் நடந்தும் ஏற்றமே வரவில்லை என்றால் வழி தவறிவிட்டது என்று அர்த்தம்.

கரடி ஸ்ப்ரே

அலட்சியம் வேண்டாம், இது கிரிஸ்லி கரடிகள் நிஜமாகவே நடமாடும் பள்ளத்தாக்கு.

கரடி ஸ்ப்ரே என்பது பாய்ந்து வரும் கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய்க் காரத் தெளிப்பான். அதை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, சரக்குப் பையிலும் முடியாது. வந்திறங்கிய ஊரில் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். நான் சொல்வது கவுண்டர் அசால்ட், பக்கத்து ஊரான கலிஸ்பெல் நிறுவனத்துடையது. இடுப்பு உறையோடு சேர்த்து வாங்குங்கள்.

புது டப்பா என்றால் பாதுகாப்புக் கிளிப்பை ஒரு பிளாஸ்டிக் டை இறுக்கிக் கட்டியிருக்கும். பலர் அதை வெட்டாமலே மலை ஏறுகிறார்கள்! கரடி எதிரே நிற்கும்போது அதைப் பல்லால் கடிக்க முடியாது. அறையிலேயே வெட்டிவிட்டு, கிளிப்பைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்துக் கழற்றிப் பாருங்கள். விசையை மட்டும் அழுத்தாதீர்கள். பிறகு கிளிப்பை மாட்டி, உறையிலிருந்து உருவிக் கழற்றுவதைப் பத்து முறை பழகுங்கள். டப்பா இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ இருக்கவேண்டும். முதுகுப் பைக்குள் இருக்கும் ஸ்ப்ரே வீட்டில் இருப்பதற்குச் சமம்.

அடிப்பது ஏறத்தாழ 10 மீட்டர் தூரத்துக்குத்தான். கரடி பாய்ந்து வரும்போது சற்றே கீழ்நோக்கிப் பிடித்து, உங்களுக்கும் அதற்கும் நடுவே மேகம் போல் பரவவிடவேண்டும். கொசு மருந்து மாதிரி உடம்பில் பூசிக்கொள்வது அல்ல, பூசினால் ஆஸ்பத்திரிதான். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்காதீர்கள், வெடித்துவிடும்.

நடக்கும்போது சத்தம் வரட்டும் என்று பையில் மாட்டக் கடையில் தொங்கும் 'கரடி மணி' தண்டச் செலவு. கரடி திடுக்கிடாமல் இருக்க, வளைவு, புதர், ஓடைச் சத்தம் உள்ள இடங்களில் வாய்விட்டுப் பேசுங்கள், கைதட்டுங்கள். தூரத்தில் கரடி தெரிந்தால் குறைந்தது 91 மீட்டர் இடைவெளி, இது பூங்கா விதி.

ஏற்றம்

பாதை தெளிவானது, விளக்க அதிகமில்லை. ஓரிடத்தில் பாறைப் படிகள் மேலேயே அருவி கொட்டும், போனை உள்ளே வைத்து மழைக்கோட்டு மாட்டிக்கொள்ளுங்கள். கனமான பூட்ஸ் வேண்டாம், பிடிமானமுள்ள டிரெயில் ஷூ போதும். கைத்தடி இரண்டு, இறங்கும்போது முழங்கால் நன்றி சொல்லும்.

கழிவறையும் மர இருக்கைகளும் உள்ள ஓரிடம் வரும். பலர் அங்கே புளிச்சாதத்தைப் பிரித்துவிட்டு, "வந்தாச்சு" என்று திரும்பிவிடுகிறார்கள். வரவில்லை! இன்னும் 0.4 மைல் இருக்கிறது, அதுதான் செங்குத்து. தரை அணில்கள் பையைக் கிழிக்கும், சாப்பாட்டை விட்டு நகராதீர்கள். பருக்கை, தோல் எதையும் போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.

மேலே

கரையில் மிதக்கும் பனிக்கட்டிகள், பால் கலந்த நீலத்தில் தண்ணீர். பனியாறு அரைத்த பாறைத் தூள் தண்ணீரில் மிதப்பதால் அந்த நிறம். 1910இல் பூங்கா தொடங்கியபோது இந்த ஏரி நிற்கும் இடமெல்லாம் பனிக்கட்டி. 1966க்கும் 2005க்கும் இடையில் மட்டும் பனியாற்றின் பரப்பில் 40 சதவீதம் போய்விட்டது. மேலே தனியாகத் தெரியும் சாலமாண்டர் பனியாறும் ஒருகாலத்தில் இதோடு ஒட்டியிருந்ததுதான்.

காலடியையும் பாருங்கள். முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வளையங்கள் போலப் பாறையில் இருப்பவை ஸ்ட்ரோமேட்டோலைட், அதாவது பழங்கால நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காக உருவாக்கிய புதைபடிவங்கள், நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயது.

பனியாற்றின் மேல் கால் வைக்காதீர்கள். மெல்லிய பனி மூடிய பிளவுகள் மேலிருந்து தெரியாது. மிதக்கும் கட்டிகளில் ஏறுவதும் வேண்டாம், அவை புரளும். காற்று சில்லென்று அடிக்கும், வியர்த்த உடம்போடு உட்காராமல் ஜாக்கெட் போடுங்கள்.

பிற்சேர்க்கை: ஊர் திரும்பும்போது மிஞ்சிய ஸ்ப்ரேயை என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், நசுங்கினால் அள்ளுபவர் கண்ணில்தான் தெறிக்கும். அடுத்து வருபவருக்குக் கொடுக்கமுடியுமா என்று விடுதி வரவேற்பில் கேட்டுப் பாருங்கள். டப்பாவில் உள்ள காலாவதி தேதி தாண்டவில்லையே என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.