இலைச்சாறு, வெள்ளி, புற்றுநோய்க் கலம்: ஆய்வில் சறுக்கும் இடங்கள்

இலைச்சாற்றால் வெள்ளி நனோத் துணிக்கைகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய வெள்ளித் துகள்களை உருவாக்கி, அவை புற்றுநோய்க் கலங்களைக் கொல்கின்றனவா என்று பார்க்கும் ஆய்வுகளைப் பற்றியது இது. இலைச்சாற்றை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் விட்டுக் கொஞ்ச நேரம் போனால் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும். உடனே குறிப்பேட்டில் "நனோத் துணிக்கை உருவாகிவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அவசரம்! சாறு சும்மா வைத்தாலே கறுக்கும். எந்த அலைநீள ஒளி உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் நிறமாலைமானியில் 400–450 நனோமீற்றருக்குள் உறிஞ்சல் உச்சி தெரிகிறதா என்று பார்த்த பிறகு எழுதலாம்.

திருகோணமலையில் செய்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, தண்ணீர். நிலாவெளிப் பக்கம் கடலோரக் கிணறுகளில் உவர் ஏறும். அந்தத் தண்ணீரில் இலையை அவித்தால், அதிலுள்ள குளோரைட்டு வெள்ளியைப் பிடித்து வெள்ளைக் கலங்கலாக இறக்கிவிடும். வெளிச்சம் பட்டதும் அந்தக் கலங்கல் ஊதா கலந்த சாம்பலாகக் கறுக்கும். நல்ல விளைச்சல் என்று நம்பிவிடுவோம். இலையின் கடைசிக் கழுவலுக்கும் அவிப்பதற்கும் காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். கண்டல் இலையோ கடற்பாசியோ என்றால் உப்பு உள்ளேயே இருக்கிறது, நீரை மாற்றியும் முழுத் தீர்வு வராது. அங்கே பளிங்கமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனையில் வெள்ளிக் குளோரைட்டு இருக்கிறதா என்று தேடியே ஆகவேண்டும்.

சரி, துணிக்கை கிடைத்துவிட்டது. புற்றுநோய்க் கலங்களில் விட்டால் அவை சாகின்றன. எதனால்? வெள்ளி அயனே நஞ்சு. நித்தியகல்யாணி இலை என்றால், வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகளே அந்தச் செடியிலிருந்து வந்தவை. எனவே வெறும் சாறு, வெறும் வெள்ளி நைத்திரேற்று இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்காத முடிவை நான் நம்பமாட்டேன். மிஞ்சிய சாறும் வெள்ளி அயனும் போக, துணிக்கைகளை மையநீக்கியில் சுற்றிக் கழுவியிருக்கவும் வேண்டும். நல்ல கலங்களும் அதே அளவில் செத்தால், அதைப் புற்றுநோய் எதிர்ப்பு என்று சொல்ல முடியாது.

எம்டிடி சோதனையிலும் ஒரு பொறி உண்டு. உயிருள்ள கலம் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும், அந்த ஊதாவை அளந்து எவ்வளவு கலம் பிழைத்தது என்று கணக்கிடும் சோதனை இது. சாற்றிலுள்ள பொலிபீனோல் என்ற தாவரச் சேர்மங்கள், கலமே இல்லாத குழியிலும் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். செத்த கலம் உயிரோடு இருப்பதாகக் கணக்காகும். கலம் போடாத குழிகளில் சாற்றையும் துணிக்கையையும் விட்டு அந்த அளவீட்டைக் கழிக்க வேண்டும்.

துணிக்கை எவ்வளவு பெரியது என்று சொல்லும்போது எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒளிச்சிதறல் முறை துணிக்கையோடு அதன் நீர்ப் போர்வையையும் சேர்த்து அளப்பதால், இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டுவதைவிடப் பெரிதாகவே காட்டும்.

போத்தலில் மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்துப்போய் "மூலிகை வெள்ளி" என்று யாருக்கும் குடிக்கக் கொடுக்கவே கூடாது. வெள்ளியைத் தொடர்ந்து உட்கொண்டால் தோல் நீலச்சாம்பலாகும், அந்த நிறம் பெரும்பாலும் திரும்பாது.