அசையாத படிகம் எங்கும் இல்லை: குறைக்கடத்தி ஒளியியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைக்கடத்தி ஒளியை எப்படி உட்கவர்கிறது என்று கணக்கிடும்போது பலர் அணுக்களை அசையாப் புள்ளிகளாக எடுத்துக்கொள்கிறார்கள். அதிர்வை, சூடேறினால் மட்டும் சேர்க்கும் சிறு திருத்தமாக நினைக்கிறார்கள். மற்ற தவறுகளுக்கும் வேர் இதுதான்.

தனிச்சுழி வெப்பநிலையிலும் அணுக்கள் அதிர்கின்றன. குவாண்டம் விதி அவற்றை ஓயவிடாது. வைரத்தில் இந்த அதிர்வு மட்டுமே ஆற்றல் இடைவெளியை, அதாவது எலக்ட்ரான் கட்டற்ற நிலைக்கு ஏறத் தேவையான மிகக் குறைந்த ஆற்றலை, சுமார் 0.3 எலக்ட்ரான் வோல்ட் குறைத்துவிடுகிறது. எனவே அணுக்களை நிறுத்திவைத்துக் கணக்கிட்ட மதிப்பு, 4 கெல்வினில் அளந்த மதிப்போடு அப்படியே பொருந்தினால் மகிழவேண்டாம், சந்தேகப்படுங்கள். வெப்பநிலையோடு இடைவெளி மாறுவதைச் சொல்ல வார்ஷ்னி 1967-இல் தந்த வாய்பாட்டின் சுழி வெப்பநிலை மதிப்பிலும் இந்தக் குறைவு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

சிலிக்கானில்தான் பிழை அதிகம் நேர்கிறது. அதன் இடைவெளி மறைமுகமானது: எலக்ட்ரான் மேலேற ஆற்றலோடு உந்தமும் மாறவேண்டும். அறை வெப்பநிலையில் 1.12 எலக்ட்ரான் வோல்ட். ஃபோட்டானிடம் போதிய உந்தம் கிடையாது, அதனால் எலக்ட்ரான் மேலேற ஒரு ஃபோனான் (அணு அதிர்வின் குவாண்டம்) துணைவர வேண்டும். ஃபோனானை உமிழ்ந்தால், உட்கவர்தல் இடைவெளிக்குச் சற்று மேலே தொடங்கும். ஃபோனானை எடுத்துக்கொண்டால் சற்றுக் கீழே. கடுங்குளிரில் எடுத்துக்கொள்ள ஃபோனானே இராது, முதல் வழி மட்டும் மிஞ்சும். இதைக் கவனிக்காமல் உட்கவர்தல் அளவீட்டிலிருந்து இடைவெளியைக் கணிக்கும் டௌக் வரைபடத்தில் ஒரே கோடு இழுத்து, அது அச்சைத் தொடும் இடத்தை இடைவெளி என்று எழுதினால், விடை ஒரு ஃபோனான் ஆற்றல் அளவுக்கு விலகிப்போகும். சிலிக்கானில் முதன்மையாகப் பங்கேற்கும் ஃபோனானுக்கு அது சுமார் 58 மில்லி எலக்ட்ரான் வோல்ட். (எலக்ட்ரானும் துளையும் பிணைந்து நிற்கும் எக்ஸிட்டான் விளைவை இங்கே தள்ளிவைத்திருக்கிறேன்.)

சூடேறினால் இடைவெளி குறையும் என்பதையும் பொதுவிதியாக்க வேண்டாம். ஈய சல்ஃபைடில் அது கூடுகிறது. வெப்ப விரிவு ஒன்றையே காரணமாக்குவதும் தவறு; சிலிக்கானில் மாற்றத்தின் பெரும்பகுதி எலக்ட்ரான்-ஃபோனான் இடைவினையால் வருகிறது.

நிறமாலைக் கோட்டின் அகலத்துக்கு வருவோம்; எலக்ட்ரான் அதிகம் சிதறினால் அது கூடும். காலியம் ஆர்சனைடு போன்ற முனைவுப் படிகத்தில் (அணுக்கள் எதிரெதிர் மின்சுமை ஏற்றவை) நெடுக்கை ஒளியியல் ஃபோனான்கள், அதாவது அந்த அணுக்கள் அலை செல்லும் திசையிலேயே எதிரெதிராக அசையும் அதிர்வுகள், மின்புலத்தை உண்டாக்கி எலக்ட்ரானை வலுவாகச் சிதறடிக்கும். இதுவே ஃப்ரோலிக் இடைவினை. முனைவற்ற சிலிக்கானின் கோட்டு அகல வாய்பாட்டில் இதற்கான உறுப்பைச் சேர்ப்பதில் பொருளில்லை. காலியம் ஆர்சனைடிலும் வாய்பாட்டை அளவீட்டோடு பொருத்தும்போது அந்த ஃபோனானின் ஆற்றலைத் தன்போக்கில் மாறவிடாதீர்கள். ஒளிச்சிதறலைக் கொண்டு அதிர்வை அளக்கும் ராமன் அளவீடு தரும் 36 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டிலேயே நிலைநிறுத்தி, இடைவினையின் வலிமையை மட்டும் தேடுங்கள்.