நாளைக்கு உயிர்த்த ஞாயிறு: ஒரே மாலையில் பிள்ளைகளுக்கு ஒரு கொண்டாட்டம் தயார் செய்வது எப்படி?

உயிர்த்த ஞாயிறு மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். நத்தார் போல நாள் மாறாமல் நிற்பதில்லை. பல வருடங்களில் சித்திரைப் புத்தாண்டுப் பரபரப்போடு சேர்ந்தே வந்துவிடுகிறது. பெரிய வெள்ளி கடந்து, சனிக்கிழமை பிற்பகலில்தான் "பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று நெஞ்சில் உறைக்கிறது. தவக்காலம் முழுவதும் இனிப்பைத் தள்ளிவைத்த பிள்ளைகள் அவர்கள். ஏமாற்ற மனம் வராது.

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவில் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து நான் செய்கிற முறையை இங்கே எழுதுகிறேன். இதற்குமுன் ஒரு பிறந்தநாள்கூட நடத்தாதவர்களும் செய்யலாம். கடைக்கு ஒருமுறை போனால் போதும்.

முதலில் நேரமும் அழைப்பும்

ஞாயிறு மாலை 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடியுங்கள். சனி இரவுத் திருவிழிப்பு வழிபாட்டுக்குப் போன பிள்ளைகள் பகலில் உறங்கி எழும்பியிருப்பார்கள், வெயிலும் தணிந்திருக்கும், நுளம்பு வருவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அழைப்பிதழ் தேவையில்லை. இன்றைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள். அயலில் உள்ள இந்து, முஸ்லிம் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். நம் தெருக்களில் பிள்ளைகள் சேர்ந்துதான் விளையாடுகிறார்கள். அழைக்கும்போதே "பிள்ளை முட்டை சாப்பிடுவாரா, மாமி?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்ந்த இனிப்புகளை வாங்காமல் விட்டால் ஒரு வீட்டாருக்கும் சங்கடம் இராது.

பலூன் வேண்டாம்

இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, இதே உயிர்த்த ஞாயிறு காலையில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. உயிரிழந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். நம் வளவுக்கு வருகிற பிள்ளையின் வீட்டில் என்ன காயம் இருக்கிறது என்பது நமக்கு முழுதாகத் தெரியாது. கூட வருகிற தாய்க்கோ அம்மம்மாவுக்கோ ஒரு பலூன் பட்டென்று உடைவதே போதும். அதனால் பலூனும் சீனவெடியும் இல்லாத கொண்டாட்டம் இது. பழைய சேலைக் கரைகளையும் நிறக் கடதாசிப் பட்டிகளையும் மாமரக் கிளையில் கட்டினால் வளவு அழகாகிவிடும். தொடங்கும்போது ஒரு மெழுகுதிரி ஏற்றி அரை நிமிடம் அமைதியாக நில்லுங்கள். சின்னவர்களுக்கு அவ்வளவு நேரம் போதும். பிறகு அவர்களுக்குத் தெரிந்த ஒரு அல்லேலூயாப் பாட்டைப் பாடவிடுங்கள்.

முட்டைக்கு நிறம் ஏற்றுதல்

நேரம் இருப்பது குறைவுதான், ஆனாலும் இந்த வேலைக்கு மட்டும் தாராளமாக ஒதுக்குங்கள். சனி மாலையில் உங்கள் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு செய்யலாம்.

பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தலைக்கு இரண்டு, வெடித்துப்போவதற்கு மூன்று என 27 முட்டைகள் வாங்குங்கள். வெள்ளை ஓடாக இருந்தால் நிறம் நன்றாகப் பிடிக்கும். மரக்கறிக் கடையில் பெரிய வெங்காயக் கூடையின் அடியில் கிடக்கும் சருகைக் கேட்டால் பெரும்பாலும் காசு வாங்காமலே அள்ளித் தருவார்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு கை நிறையச் சருகைப் போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்து வடித்தெடுங்கள். தேநீர்ச் சாயத்தை விடக் கடுமையான நிறம் இறங்கியிருக்கும். இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு, ஆறவிடுங்கள்.

இனி முருங்கை இலை. வளவிலோ அயலிலோ ஒரு முருங்கை மரம் நிச்சயம் நிற்கும். ஒரு சிறு ஈர்க்கோடு நாலைந்து இலைகளைக் கிள்ளி, தண்ணீரில் நனைத்து, பச்சை முட்டையின் மேல் ஒட்டுங்கள். ஈரத்தில் இலை தானாகப் படியும். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். கிழிந்த நுளம்பு வலையில் உள்ளங்கை அளவு துண்டை வெட்டி, முட்டையை அதில் வைத்து, பின்புறமாக இழுத்து நூலால் இறுக்கிக் கட்டுங்கள். வலை தளர்ந்தால் சாயம் இலைக்கடியில் புகுந்து உருவம் கலங்கிவிடும். எல்லா முட்டைகளையும் சாயத்துக்குள் அமிழ வைத்து மெல்லிய நெருப்பில் சூடாக்குங்கள். கொதி வந்த பின் பத்து நிமிடம். அடுப்பை அணைத்து அரை மணி நேரம் சாயத்திலேயே விடுங்கள்.

பிறகு நூலை வெட்டி இலையை உரித்தால், செங்கல் நிறத்தின் நடுவே வெள்ளையாக ஒரு முருங்கை ஈர்க்கு, ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரியும். முதல் முட்டையைப் பிரிக்கும்போது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் ஓடு மினுங்கும்.

மஞ்சள் நிறத்துக்கு ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி மஞ்சள் தூள். நீலம் வேண்டுமானால் சங்குப்பூ. அதில் வினாகிரி விட்டால் ஊதாவாக மாறும், பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வித்தை. பீற்றூட்டை நான் விட்டுவிட்டேன், காயும்போது நிறம் மங்குகிறது.

ஏன் சிவப்பு முட்டை என்று பிள்ளைகள் கேட்பார்கள். கிரேக்கம் போன்ற நாடுகளின் கீழைத் திருச்சபையார் இயேசுவின் இரத்தத்தை நினைத்து முட்டையைச் சிவப்பாக்குவது நெடுங்கால வழக்கம். உடையும் ஓடு வெறுமையான கல்லறைக்கு அடையாளம். உயிர்த்த ஞாயிறன்று முட்டை கொண்டுவருவதாகச் சொல்லும் முயல் ஜேர்மனியரிடமிருந்து வந்தது. அதைப் பற்றிய ஒரு பழைய குறிப்பு 1682இல் எழுதப்பட்டது. வேதாகமத்தில் முயல் கதை இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அவித்த முட்டைகள் ஆறியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போகட்டும். நம் வெப்பத்தில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்த முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

தேடும் விளையாட்டு

அதனால்தான் வளவில் ஒளிப்பது மட்டையில் வெட்டிய முட்டைகளை. தலைக்கு ஐந்து, மொத்தம் அறுபது. ஒரு வருடம் சொக்லேட் ஒளித்தேன். நாலு மணி வெயிலில் உருகி மணலோடு சேர்ந்து, எறும்பு மொய்த்து, ஒரு சின்ன மகள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு அழுதாள். அன்றோடு விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறம் அல்லது ஒரு அடையாளம் கொடுங்கள்: மீன், நண்டு, தாமரை, தோணி. தன் அடையாளம் உள்ளதை மட்டும் எடுக்கலாம். அடுத்தவருடையதைக் கண்டால் இடத்தைச் சொல்லக்கூடாது, தொடவும் கூடாது. இப்படிச் செய்தால் பத்து வயது அண்ணன்மார் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகமாட்டார்கள். சின்னவர்களின் முட்டைகளை அவர்கள் இடுப்பு உயரத்துக்குள், பாதி தெரியும்படி வையுங்கள். ஒளித்த இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள்.

ஒளிக்கக்கூடாத இடங்கள் உண்டு. தென்னைக்குக் கீழே வேண்டாம், தேங்காய் நேரம் பார்த்து விழுவதில்லை. விறகு அடுக்கிலும் பொச்சுமட்டைக் குவியலிலும் பாம்பும் தேளும் இருக்கும். கிணற்றை மூடுங்கள். மூடினாலும் பக்கத்தில் பெரியவர் ஒருவர் கதிரை போட்டு உட்காரட்டும். விளையாட்டு முடியும்வரை அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

ஐந்தையும் கொண்டுவந்தவருக்கு ஒரு பனையோலைக் கொட்டப்பெட்டியில் இனிப்பு. தேங்காய் டொபி எளிது: துருவிய தேங்காய் இரண்டு கோப்பை, சீனி இரண்டு கோப்பை, பால் அரைக் கோப்பை. தாச்சியில் ஒட்டாமல் திரளும்வரை கிளறி, தட்டில் கொட்டி, இளஞ்சூட்டில் வெட்டுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு. முதலிடம், இரண்டாமிடம் வேண்டாம்.

மிச்ச நேரத்துக்கு, கண்ணைக் கட்டிக்கொண்டு யானைக்குக் கண் வைப்பது போல முயலுக்குப் பஞ்சு வால் வைக்கலாம். தேசிக்காய்க்குப் பதிலாக அவித்த முட்டையை வைத்துக் கரண்டி ஓட்டம் ஓடலாம். நம் பிள்ளைகளுக்கு இரண்டும் விளங்கப்படுத்தவே தேவையில்லை.

சாப்பாடு

பாண் துண்டுக்குள் முட்டை, வத்தகப்பழம், தேசிக்காய்த் தண்ணீர். கடைசியில் சட்டித் தயிரும் பாணியும். எருமைத் தயிர் கிடைக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு ஐஸ்கிறீமுக்கு அலைய வேண்டியதில்லை.

ஆறு மணிக்கு, வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு இலை முட்டையைக் கொடுங்கள். இரவே சாப்பிட்டுவிடச் சொல்லி தாயிடம் சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளை எடுத்து அறுபதையும் எண்ணிப் பாருங்கள். எங்கள் வளவில் ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு குறைகிறது. மாரி மழைக்குப் பிறகு வேலியோரம் கூட்டும்போது சாயம் வெளுத்த ஒரு மட்டை மீனோ தோணியோ அகப்படும்.