கோவளம் முதல் மாமல்லபுரம் வரை: அலைச்சறுக்குக்கான கடல் முன்னறிவிப்பை நாமே கணிப்பது எப்படி

சென்னைக்குத் தெற்கே கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் கரையில் அலைச்சறுக்குப் பழகுவோர் பெரும்பாலும் முந்தைய இரவு கைப்பேசியில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மறுநாள் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கின்றனர். அந்த உயரம் கரைக்கு உரியதன்று. இருபது முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகக் கடலைப் பிரித்துக் கணினி கணக்கிடும் ஆழ்கடல் மதிப்பு அது. நாம் நிற்கும் இடத்தில் அலை எப்படி உடையும் என்பதை அடியிலுள்ள மணலே தீர்மானிக்கிறது. அந்த மணல் எந்த வரைபடத்திலும் இல்லை. ஆகவே முன்னறிவிப்பில் பாதியை வீட்டிலும் மீதியைக் கரையில் நின்றும் தயாரிக்க வேண்டும். அதற்கான வழியைப் பாறை முனைகளை விட்டுவிட்டு, மணல்தரையில் உடையும் அலைகளுக்கு மட்டும் இங்கே விளக்குகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது அலைக்காலம், அதாவது ஓர் அலைமுகடு கடந்த பின் அடுத்த முகடு வந்து சேர எத்தனை நொடிகள் ஆகின்றன என்பது. வங்கக்கடலிலேயே அருகில் வீசும் காற்றால் எழும் அலைகளுக்கு இது பொதுவாக 5 முதல் 8 நொடிகள் வரை இருக்கும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், தென் அகலாங்கு (அட்சரேகை) 40, 50 பாகைகளில் சுழலும் புயல்கள் அனுப்பும் ஸ்வெல் அலைகளுக்கு 12 முதல் 18 நொடிகள் வரை இருக்கும். உயரம் ஒன்றாக இருந்தாலும் இவ்விரண்டும் ஒரே அலை அல்ல. உயரத்தின் வர்க்கத்தை அலைக்காலத்தால் பெருக்கினால் அலையின் ஆற்றலை ஒப்பிட ஓர் எளிய அளவு கிடைக்கும். 1.2 மீட்டர், 15 நொடி என்றால் 21.6, 1.6 மீட்டர், 7 நொடி என்றால் ஏறத்தாழ 18. எண்ணில் சிறியதாகத் தெரியும் முதல் அலைதான் வலியது. மேலும், ஆழ்கடலில் 15 நொடி அலையின் நீளம் 350 மீட்டர் அளவில் இருப்பதால் அது 175 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்குகிறது. கரை நெருங்க நெருங்க வேகம் குறைந்து உயர்ந்து எழுகிறது. எனவே 1.2 மீட்டர் என்று அறிவிக்கப்பட்ட நீள்கால அலை கரையில் ஒன்றரை மீட்டரைத் தாண்டி உடைந்தால் முன்னறிவிப்பு தவறிவிட்டதாகக் கருத வேண்டியதில்லை.

உயரம் என்று தரப்படுவதும் சராசரிதான். கடந்துபோகும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியையே முன்னறிவிப்புகள் குறிப்பிடுகின்றன. ஆதலால் சில மணி நேரத்தில் அந்த எண்ணைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உயரமுள்ள அலை ஒன்றிரண்டு வருவது இயல்பே. புதிதாகப் பழகுபவர் தம்மால் கையாள முடிந்த உயரத்தை முடிவு செய்யும்போது இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அடுத்தது திசை. முன்னறிவிப்புகளில் காற்றின் திசையும் அலையின் திசையும் அவை வரும் பக்கத்தைக் குறிக்கின்றன. 160 பாகை என்றால் தென்கிழக்கிற்கும் தெற்கிற்கும் நடுவிலிருந்து வருகிறது என்று பொருள். நம் கரைக்கு இந்த எண் மிக முக்கியமானது, ஏனெனில் நமக்கும் தென்பெருங்கடலுக்கும் இடையில் இலங்கை நிற்கிறது. சென்னையிலிருந்து இலங்கையின் கிழக்கு முனையை நோக்கிக் கோடு வரைந்தால் அது ஏறத்தாழ 165 பாகையில் செல்லும். அதைவிடக் கிழக்கே சாய்ந்து வரும் அலை தடையின்றி வந்துசேரும். நேர் தெற்கிலிருந்து வருவது தீவின் மறைவில் சிக்கி, வளைந்தும் சிதறியும் ஒரு பங்கே நம்மை எட்டும். இலங்கையின் தென்கிழக்கில் திறந்த கடலைப் பார்த்து நிற்கும் அறுகம்பையில் அலை பெரிதாக இருக்கும் அதே நாட்களில் கோவளத்தில் அடக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் அறுகம்பையின் முன்னறிவிப்பு நமக்கு வேறு வகையில் பயன்படும். 15 நொடி அலைக்கூட்டம் மணிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில் நகர்வதால், அங்கே எழுச்சி தொடங்கி ஏறத்தாழ 16, 17 மணி நேரத்தில் அதன் ஒரு பங்கு நம் கரைக்கு வரும். காலையில் அங்கே பெருகினால் மறுநாள் விடியலுக்கு நாம் ஆயத்தமாக இருக்கலாம்.

இதே கணக்கைத் தெற்கே நீட்டினால் ஒரு வாரத்திற்கான கண்ணோட்டமே கிடைக்கிறது. அலைக்கூட்டத்தின் வேகம் நொடிக்கு எத்தனை மீட்டர் என்பது அலைக்காலத்தை 0.78ஆல் பெருக்கினால் தெரியும். 16 நொடி அலை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,080 கிலோமீட்டர் செல்லும். தென் அகலாங்கு 45 பாகையிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 6,400 கிலோமீட்டர். ஆகப் பயணம் ஆறு நாட்கள். நீண்ட காலமுள்ள அலை வேகமாகச் செல்வதால் அதுவே முதலில் வந்துசேரும். உயரம் அரை மீட்டரிலேயே நிற்க, அலைக்காலம் மட்டும் 8 நொடியிலிருந்து 17 நொடிக்குத் திடீரெனத் தாவினால், அது வரப்போகும் எழுச்சியின் முன்னணி. பெரும்பாலும் அதற்கு அடுத்த நாளே உயரமும் கூடும். பிறகு 15, 14, 13 என்று காலம் இறங்கிக்கொண்டே வரும். விண்டி போன்ற செயலிகளில் மொத்த அலையை மட்டும் பார்க்காமல், ஸ்வெல்லையும் காற்றலையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் மட்டுமே இந்தத் தாவல் கண்ணில் படும். ஹைதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பை அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நேரம் சர்வதேச நேரப்படி தரப்பட்டிருந்தால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அலை நல்லதாக இருந்தும் காற்று கெடுத்துவிடும். கடல் நமக்குக் கிழக்கே இருப்பதால், மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசும் நிலக்காற்று அலையின் முகத்தை எதிர்த்து நின்று அதைச் சற்று நேரம் நிமிர்த்திப் பிடிக்கிறது, முகம் வழவழப்பாகிறது. சூரியன் ஏறி நிலம் சூடானதும் காற்று திரும்பிக் கடலிலிருந்து வீசத் தொடங்கும், அலைமுகம் கலைந்து நுரைத்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தென்காற்று கரையோரமாகவே வலுத்து வீசுவதால் பல நாட்களில் காலை எட்டு, ஒன்பது மணிக்கே நீர் கலங்கிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வருகிறது; அது வலுவாக உள்ள நாட்களில் கடற்காற்று எழ நண்பகல் தாண்டிவிடும். தென்கோளத்தின் குளிர்காலமும் அப்போதுதான் என்பதால் ஸ்வெல்லும் தவறாமல் வரும். இந்த நான்கு மாதங்களே நம் கரையின் பொற்காலம் என்பது என் உறுதியான கருத்து. ஆசிய அலைச்சறுக்குப் போட்டி 2025இல் மாமல்லபுரத்தில் ஆகஸ்ட் மாதத்தில் நடந்ததும் இந்தப் பருவத்தோடு பொருந்திய ஒன்றே. காற்றின் வேகம் பத்து நாட்டுக்குக் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) குறைவாக இருந்தால் எத்திசையானாலும் பெரிய தீங்கில்லை. நிலக்காற்று பதினைந்து நாட்டைத் தாண்டினால், பலகையோடு நம்மையும் கடலுக்குள் தள்ளும் ஆபத்து உண்டு. புதியவர்கள் அன்று கரையிலேயே இருப்பது நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அலை உயரமாக இருக்கும், ஆனால் வாடையும் கொண்டலும் கடலிலிருந்தே வீசுவதால் குறுகிய காலமுள்ள, ஒழுங்கற்ற அலைகளே மிகுதி. ஜனவரி, பிப்ரவரியில் கடல் தணிந்து, முழங்கால், இடுப்பளவு அலைகள் வரும். முதன்முதலாகப் பலகையில் நிற்கப் பழகுபவர்களுக்கு அதைவிட ஏற்ற காலம் இல்லை.

ஓதத்தை, அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதைப் பொறுத்தவரை, சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். சிறிய அளவுதானே என்று பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. அலை தன் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்தில் உடைகிறது. ஒரு மீட்டர் அலைக்கு 1.3 மீட்டர் நீர் என்றால், நீர்மட்டம் ஒரு மீட்டர் மாறும்போது அலை உடையும் இடமே மாறிவிடும். ஏற்ற ஓதத்தில் வெளி மணல்திட்டைத் தொடாமல் கடந்துவரும் அலை சரிவான கரையடியில் ஒரேயடியாக விழும். கழுத்துக்கும் தோளுக்கும் காயம் நேர்வது அங்கேதான். நீர் வற்றிய நேரத்தில் அதே திட்டு மிக ஆழமற்றதாகிவிடலாம். இரண்டிற்கும் இடைப்பட்ட நேரத்தில், குறிப்பாக நீர் ஏறத் தொடங்கிய பிறகு, பெரும்பாலான திட்டுகள் நன்றாக இயங்குகின்றன.

இனி மணல். மார்ச் முதல் அக்டோபர் வரை அலைகள் மணலை வடக்கு நோக்கியும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை தெற்கு நோக்கியும் நகர்த்துகின்றன. வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி என்பதால், கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளின் தென்புறத்தில் மணல் சேர்கிறது, வடபுறம் அரிக்கப்படுகிறது. மழைக்காலப் பேரலைகள் கரையை அரித்து மணலைக் கடலுக்குள் திட்டுகளாகப் போட்டுவிட்டுப் போகும்; அமைதியான மாதங்களில் அது மெல்லக் கரைக்குத் திரும்பும். சென்ற மாதம் அருமையாக இருந்த இடம் இம்மாதம் வெறும் சமதரையாக இருக்கக்கூடும். திட்டு இல்லாத நேரான தரையில் 15 நொடி ஸ்வெல் வந்தால் அலை ஒரு கோடி முதல் மறுகோடி வரை ஒரே கணத்தில் சரிந்து விழும், அதில் சறுக்க இடமே கிடைக்காது. அத்தகைய நாளில் உயரம் குறைந்த, இரு திசைகளிலிருந்து குறுக்கிட்டு வரும் அலைகளே மேல்.

இதனால்தான் கரைக்கு வந்ததும் உடனே நீரில் இறங்கக் கூடாது. சற்று உயரமான இடத்தில் குறைந்தது இருபது நிமிடம் நின்று பாருங்கள். நீள்கால அலைகள் தொகுதிகளாக வருவதால் இரு தொகுதிகளுக்கு நடுவே பத்து நிமிட அமைதிகூட இருக்கலாம், அந்த அமைதியை அன்றைய கடல் என்று நம்பி இறங்குவோர் பலர். மிதவை ஒன்றையோ நங்கூரமிட்ட படகையோ குறியாக வைத்து, முதல் முகடு அதைக் கடந்ததிலிருந்து பதினோராவது முகடு கடக்கும் வரை ஆகும் நொடிகளைப் பத்தால் வகுத்தால் உண்மையான அலைக்காலம் கிடைக்கும். முன்னறிவிப்பு 15 என்று சொல்ல, கடல் 8 என்று காட்டினால், ஸ்வெல் இன்னும் வரவில்லை என்று அறியலாம். அலை முதலில் எங்கே வெள்ளையாகிறது, எங்கே உடையாமல் கருமையாகக் கரைவரை வருகிறது என்று கவனியுங்கள். வெள்ளையாகும் இடம் திட்டு. கருமையான இடைவெளி அமைதியாகத் தோன்றினாலும், கரையில் குவிந்த நீர் கடலுக்குத் திரும்பும் இழுவை நீரோட்டம் அதில்தான் ஓடுகிறது. நுரையும் மணற்கலங்கலும் அவ்வழியே வெளியே போவதைப் பார்க்கலாம். தூண்டில் வளைவுகளின் ஓரத்தில் இது பெரும்பாலும் இருக்கும். அதில் சிக்கினால் பலகையை விடாமல் கரைக்கு இணையாக நகர்ந்து, வெள்ளை நீர் உள்ள பக்கமாகத் திரும்பி வர வேண்டும்.

கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் மீனவர்களிடம் கேட்காமல் எந்த முன்னறிவிப்பும் முழுமையாகாது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து ஓடுவதை வன்னி என்றும் குறிப்பிடும் அவர்கள், அன்று எது ஓடுகிறது, எவ்வளவு வலு என்பதை விடியற்காலையிலேயே கடலில் பார்த்து வந்திருப்பார்கள். தெண்டி வலுவாக இருந்தால் நாம் இறங்க விரும்பும் திட்டிற்குத் தெற்கே நடந்து சென்று இறங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கே உரியது. ஃபைபர் படகுகள் அப்போதும் கரையேறும், அவற்றின் வழியை விட்டு விலகியே இருக்க வேண்டும்.

எல்லா எண்களும் சாதகமாக இருந்தும் இறங்கக் கூடாத நாட்கள் உண்டு. 2024 மே மாதத் தொடக்கத்தில், தொலைதூரக் கடலில் எழுந்த நீள்கால அலைகளுக்காகக் கேரள, தென்தமிழகக் கரைகளுக்கு இன்காய்ஸ் எச்சரிக்கை விடுத்திருந்தது. கேரளத்தில் கள்ளக்கடல் என்று அழைக்கப்படும் நிகழ்வு இது. மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். உள்ளூர் காற்றோ மேகமோ இத்தகைய அலையை முன்கூட்டிக் காட்டிக்கொடுக்காது. ஆகவே உயர் அலை எச்சரிக்கை நடப்பில் இருக்கும்வரை, உங்கள் கணக்கு எதைச் சொன்னாலும், கடலுக்குள் செல்ல வேண்டாம். துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கும் நாட்களுக்கும் இதுவே பொருந்தும்; 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. கோடை மாலைகளில் மேற்கே இடிமேகம் திரண்டால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ரேடார் படத்தைப் பாருங்கள். இடியோசை கேட்டதும் வெளியேறி, கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருங்கள். பெருமழைக்குப் பிறகு முட்டுக்காடு முகத்துவாரம் வழியே கலங்கல் நீரும் மிதக்கும் மரக்கட்டைகளும் கடலில் கலப்பதால், அதன் அருகே மூன்று நாட்களாவது இறங்காமல் இருப்பது நலம்.

கடைசியாக, ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவு பார்த்த உயரம், அலைக்காலம், திசை, காற்று, ஓத நேரம் ஆகியவற்றை இடப்பக்கத்திலும், கரையில் கண்ட அலைக்காலம், உடைந்த இடம், நீரோட்டத்தின் போக்கு, காற்று திரும்பிய மணி ஆகியவற்றை வலப்பக்கத்திலும் எழுதுங்கள். மணல் மாறிக்கொண்டே இருப்பதால் உடைந்த இடத்தைப் பற்றிய குறிப்பு சில வாரங்களுக்கே உதவும். எந்தத் திசையிலிருந்து எத்தனை நொடி அலை வந்தால் உங்கள் கரையில் எவ்வளவு உயரம் எழுகிறது என்ற குறிப்போ அடுத்த ஆண்டு ஜூனிலும் பயன்படும்.