பட்டாளத்தில் இருப்பவர்களுக்குக் கண் பரிசோதனை: எங்கே தொடங்குவது, எப்படிச் செய்வது?

கணியம்பாடி பக்கத்து கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. அங்கேயும் சரி, வேலூர் சுற்றுவட்டாரத்திலும் சரி, லீவில் வருகிறவர்கள் கேட்பது இதுதான்: "கண்ணை இங்கேயே காட்டிக்கலாமா?"

காட்டலாம். ஆனால் தொடங்க வேண்டிய இடம் யூனிட்தான்.

1. எம்.ஐ. ரூமில், அதாவது யூனிட்டின் மருத்துவ அறையில் சொல்லுங்கள். பார்வை மங்கல், தலைவலி, எதுவானாலும் யூனிட் மருத்துவரான ஆர்.எம்.ஓ.விடம் மறைக்காதீர்கள். தேவைப்பட்டால் ராணுவ மருத்துவமனையின் கண் மருத்துவரிடம் அனுப்புவார். செலவு இல்லை. அப்பாவின் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டை நம்பி வேலூர் பாலிகிளினிக்குக்குப் போகாதீர்கள். அது ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும்தான்.

2. கையோடு எடுத்துப் போக வேண்டியவை. பழைய கண்ணாடி, டாக்டர் எழுதிக் கொடுத்த பழைய சீட்டு. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் அன்று கண்ணாடியோடு போவது நல்லது. வீட்டில் யாருக்காவது கண் அழுத்த நோயோ சர்க்கரையோ இருந்தால் சொல்லிவிடுங்கள்.

3. சோதனை. 6 மீட்டர் தூரத்தில் எழுத்துப் பலகை. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்க வேண்டும். மூடிய கண்ணை உள்ளங்கையால் அழுத்தினால், அடுத்து அதைத் திறக்கும்போது சற்று நேரம் மங்கலாகத் தெரியும். லேசாக மறைத்தாலே போதும். 6/12 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டரில் படிக்கிறீர்கள். வரிசையில் நிற்கும்போதே கடைசி வரியை மனப்பாடம் செய்கிற புத்திசாலிகள் உண்டு. அதனால் தவறான பவரில் கண்ணாடி வரும், அவ்வளவுதான்.

அப்புறம் நிறம் பிரித்தறிவதைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகம்: வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். கண் அழுத்தமும் பார்ப்பார்கள். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு. விழித்திரையைப் பார்க்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும்.

4. பதிவு. ராணுவத்தின் உடல்தகுதித் தரமான ஷேப்பில் (SHAPE) கடைசி எழுத்தான 'இ' (E) கண்ணுக்கானது. முடிவு உங்கள் மெடிக்கல் ஆவணத்தில் ஏறியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

லீவில் இருந்தால்: ஆரணி ரோட்டில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. சொட்டு மருந்து விட்டால் பைக் ஓட்டக் கூடாது; வேலூர் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியும், கூட ஒருவரும் வேண்டும். சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, திரும்பியதும் ஆர்.எம்.ஓ.விடம் காட்டுங்கள். லேசர் சிகிச்சையை மட்டும் யூனிட்டில் கேட்காமல் லீவில் செய்துகொள்ள வேண்டாம்.