ஹட்டன் ஒபிசில் சோதித்துவிட்டுக் காசு கட்டாதீர்கள்

ஹட்டனில் நாங்கள் நடத்துவது சின்னச் சுற்றுலா நிறுவனம். பழைய தோட்டத்துப் பங்களாக்களில் வெளிநாட்டு விருந்தினரைத் தங்க வைப்பதுதான் வேலை. பிரௌசரிலேயே மீட்டிங் நடத்த ஒரு சேவையைத் தெரிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஃபைபர் இருக்கிற ஒபிசில் இரண்டு லெப்டொப்பை அருகருகே வைத்து, "கேட்குதா? கேட்குது" என்று பேசிப் பார்த்தேன். சரி என்று ஒரு வருடத்துக்குக் காசும் கட்டிவிட்டேன்.

முதல் மீட்டிங் ஜூன் மாதம். ஒரு பக்கம் லண்டன் முகவர், மறுபக்கம் மஸ்கெலியாவுக்கு மேலே பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். அங்கே தகரக் கூரை, அடைமழை. அறைகளைப் பற்றி அவர் சொன்ன எதுவும் கேட்கவில்லை, மழைதான் கேட்டது. "தம்பி, நான் வெளியில போய்ப் பேசவா?" என்றார். வெளியில் இன்னும் பெரிய மழை! பத்தாவது நிமிடம் படம் உறைந்து, வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

பிழை மென்பொருளில் இல்லை, நான் சோதித்த விதத்தில். ஒரு மீட்டிங் எவ்வளவு நல்லது என்பதை அதில் இருக்கிற மிக மோசமான இணைப்புத்தான் தீர்மானிக்கிறது. அந்த இணைப்பை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சோதித்திருந்தேன்.

இரண்டு பேரை மட்டும் வைத்துப் பார்த்தது அடுத்த பிழை. ஜிட்சி போன்ற மீட்டிங் சேவைகளில் இரண்டு பேர் மட்டும் பேசினால் படமும் சத்தமும் நேராக ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். மூன்றாமவர் நுழைந்ததும் எல்லாம் சேர்வர், அதாவது நடுவில் இருக்கும் சேவையின் கணினி, வழியாக மாறும். சேர்வர் நாட்டுக்கு வெளியே இருந்தால், ஹட்டனில் இருந்து பதுளைக்குப் பேசுவதும் கடல் தாண்டித்தான் போய்வரும். குரல் ஒரு திசையில் போய்ச்சேர 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐ.டி.யூ.) பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கே விழுவார். மரியாதை இல்லாதவர் என்று முகவர் நினைத்துக்கொள்வார். ஆகவே குறைந்தது மூன்று இடங்களில் இருந்து மூன்று பேராவது சேருங்கள்.

ஸ்பீட் டெஸ்டில் பெரிய எழுத்தில் வருவது டவுன்லோட். மலைநாட்டில் நம்மை மாட்டிவிடுவது அப்லோட். உங்கள் முகமும் குரலும் அந்த வழியில்தான் போகவேண்டும். டேட்டாக் கணக்கும் போட்டுப் பாருங்கள்: உள்ளே வர 1 மெகாபிட், வெளியே போக 0.6 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 720 எம்.பி. வாரம் இரண்டு மீட்டிங் என்றால் மாதம் 6 ஜி.பி. கிட்ட வரும். போன் டேட்டாவில் இருப்பவருக்கு அதை ரீலோட் செய்து கொடுப்பது யார் என்று முன்பே பேசிவிடுவது நல்லது. வீடியோவை நிறுத்தினால் பெரும் பகுதி மிச்சம். அதனால் படம் போனாலும் குரல் தாக்குப்பிடிக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

"பிரௌசர் போதும், எதையும் இறக்கவேண்டாம்" என்ற விளம்பரம் பெரும்பாலும் கணினிக்குத்தான். போனில் இணைப்பைத் தட்டினால் சில சேவைகள் ஆப் கேட்கும். போனில் இருக்கும் குரோம், சஃபாரி வழியாகத் திரையைப் பகிரவும் முடியாது. அறை வாடகைப் பட்டியலை அண்ணன் தன் போனிலிருந்து காட்டுவார் என்று திட்டம் போட்டது நான்தான். நல்ல கூத்து. மைக் அனுமதியை ஒருமுறை தவறி மறுத்துவிட்டால் பிரௌசர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும், பிறகு செட்டிங்ஸில் போய்த்தான் மாற்றவேண்டும். லண்டன் காத்திருக்கும்போது போனில் அதைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

இலவசத் திட்டங்களில் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறோம், நேரத்தைப் பார்ப்பதில்லை. ஸூமில் 40 நிமிடம். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். விலை பேசும் கட்டத்தில் கூட்டம் அறுந்தால் திரும்பச் சேர்ப்பதற்குள் பேச்சின் சூடு ஆறிவிடும். அழைப்பிதழ் அவரவர் நேரத்தைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள்: லண்டன் நமக்குக் கோடையில் நாலரை மணித்தியாலம் பின்னே, குளிர்காலத்தில் ஐந்தரை.

"குறியாக்கம் செய்யப்பட்டது", அதாவது வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டப்பட்டது, என்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். பிரௌசர் மீட்டிங்குகளின் அடியில் இருக்கும் வெப்ஆர்டிசி நுட்பத்தில் அது கட்டாயம், தனிச் சிறப்பு ஒன்றுமில்லை. நடுவில் இருக்கும் சேர்வரால் திறக்க முடியுமா, பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் அழிக்கலாம் என்பவைதான் கேட்கவேண்டியவை. இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். விருந்தினரின் முகமும் பேச்சும் பதிவில் இருந்தால் அதன் பொறுப்பு நம் தலையிலும் உண்டு.

இந்த வருடம் புதுப்பிக்கும் முன் மூன்று சேவைகளை எடுத்து, மழை பெய்த ஒரு பின்னேரம் அண்ணனைத் தகரக் கூரைக்குக் கீழேயே உட்காரவைத்தோம். பதுளையில் இருந்து ஒருவர், ஒபிசில் நான். ஒன்றில் மழைச் சத்தம் பாதியாகக் குறைந்து அவர் குரல் தெளிவாக வந்தது. அதற்கே காசு கட்டினோம். அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார்: மழை நாளில் கெமராவை மூடிவைப்பேன், அதை லண்டனுக்கு முன்பே சொல்லிவிடு.