தெரபிக்கும் வீட்டுக்கும் ஒரே நாய்: எந்த இனம், எந்தக் குட்டி?

"முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போகிற மாதிரி ஒரு நாய் வளர்க்க ஆசை. வீட்டில் சின்னக் குழந்தைகளும் இருக்கிறார்கள். என்ன இனம் வாங்கலாம்?" இப்படிக் கேட்பவர்களிடம் நான் முதலில் ஒரு கணக்குதான் சொல்வேன். வாரத்துக்கு 168 மணி நேரம். தெரபி வேலை, அதாவது முதியோர் இல்லம், மருத்துவமனை போன்ற இடங்களில் நாய் ஆட்களோடு இருந்து ஆறுதல் தருவது, அதில் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி. மற்ற நேரமெல்லாம் அந்த நாய் உங்கள் ஹாலில்தான் படுத்திருக்கப் போகிறது. அதனால் முதலில் வீட்டுக்கு ஒத்துவரும் நாய், அதில் தெரபிக்கும் ஒத்துவருவது எது என்று பாருங்கள்.

படி 1: வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயும் தெரபி நாயும் ஒன்றல்ல. வழிகாட்டும் நாய் வேலை நேரத்தில் வேறு யாரையும் கண்டுகொள்ளக் கூடாது. தெரபி நாயோ, முன்பின் தெரியாத ஒரு பாட்டி நடுங்கும் கையை நீட்டினால் தானாகப் போய்த் தலையைக் கொடுக்க வேண்டும். அந்நியர் தொட்டால் பொறுத்துக்கொள்ளும் நாய் போதாது. தொடுவதை விரும்பும் நாய் வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றைத் தேடுவதற்குத்தான்.

உடல் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1944-ல் நியூ கினித் தீவில் கிடைத்த ஸ்மோக்கி என்ற யார்க்‌ஷயர் டெரியர் இரண்டு கிலோகூட இல்லை. அதை வளர்த்த அமெரிக்க வீரர் பில் வின் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, அது அங்கிருந்த காயம்பட்ட வீரர்களையும் பார்த்து வந்தது. முதல் தெரபி நாய் என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

படி 2: வீட்டை அளந்து பாருங்கள்

தினமும் காலையும் மாலையும் யார் நடக்க அழைத்துப் போவார்கள்? பகலில் வீட்டில் ஆள் இருக்கிறதா? மாடி வீடா, லிஃப்ட் உண்டா? இவற்றுக்குப் பதில் இல்லாமல் இனத்தைப் பற்றிப் பேச வேண்டாம். நம் ஊரில் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாய்க்கு உடலெங்கும் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் விடிந்தும் விடியாமல் நடையை முடித்துவிட வேண்டியிருக்கும்.

படி 3: இனங்களைச் சலித்தெடுங்கள்

லாப்ரடாரையும் கோல்டன் ரெட்ரீவரையும் எல்லோரும் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டுமே சுடப்பட்ட பறவையைக் கடிக்காமல் வாயில் ஏந்திவந்து மனிதரிடம் கொடுப்பதற்காக வளர்க்கப்பட்டவை. ஆளோடு சேர்ந்து வேலை செய்வது அவற்றுக்குப் பிடிக்கும். ஆனால் லாப்ரடார் 25 முதல் 36 கிலோ வரை வளரும், முதல் இரண்டு வருடம் துள்ளிக்கொண்டே இருக்கும். நடக்கப் பழகும் குழந்தை இருக்கிற வீட்டில் அந்த வால் வீச்சே போதும், பிள்ளை விழுந்துவிடும். சாப்பாட்டு ஆசையும் அதிகம். ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசி அடங்காதபடி செய்யும் மரபணு மாற்றம் இருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கெஞ்சுகிறதே என்று கொடுத்துக்கொண்டே இருந்தால் எடை ஏறி இடுப்பு மூட்டுதான் போகும்.

கோல்டன் இன்னும் மென்மையானது. ஆனால் ஸ்காட்லாந்துக் குளிருக்கு உருவான அடர்ந்த முடி, அடிக்கடி சீவ வேண்டும். வெயில் என்று மொட்டையடித்து விடாதீர்கள், அந்த முடி வெயிலிலிருந்து தோலைக் காக்கவும் செய்யும்.

வீட்டில் யாருக்காவது அலர்ஜி இருந்தால், முடி அதிகம் உதிராத பூடில் இனத்தின் கலப்பை யாராவது பரிந்துரைப்பார்கள். 1989-ல் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டும் நாய்களை வளர்த்துவந்த வாலி கான்ரன், ஒரு பார்வையற்ற பெண்ணுக்காக லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து பார்த்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது. பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. அலர்ஜி முடியில் மட்டும் இல்லை, எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது. அலர்ஜியே தராத இனம் என்று ஒன்று கிடையாது. அந்தக் குறிப்பிட்ட நாயோடு சில மணி நேரம் இருந்து பார்ப்பதுதான் வழி.

பக் (pug) இன நாய் பாசமானது, மடியில் ஏறும். ஆனால் அந்தச் சப்பை மூக்கோடு நம் வெயிலில் மூச்சுவிடவே திணறும் நாயை வேலைக்கு அழைத்துப் போக எனக்கு மனம் வராது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவை காவலுக்கும் வேட்டைக்கும் வளர்ந்தவை. வீட்டாரிடம் உயிரையே வைக்கும், அந்நியரைச் சந்தேகப்படும். அது அவற்றின் குறை அல்ல, குணம். அந்தக் குணத்தை மாற்றி வார்டுக்குள் நிறுத்துவது பெரும்பாலும் நாய்க்குத் துன்பம்.

இவ்வளவும் சொன்னபிறகு இதையும் சொல்ல வேண்டும். 2022-ல் அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து வந்த ஆய்வில், நாய்க்கு நாய் இருக்கும் குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். இனத்தைப் பார்த்துப் பட்டியலைச் சுருக்கலாம். முடிவெடுக்க வேண்டியது அந்த ஒரு நாயைப் பார்த்து. எங்கள் வீட்டில் இருப்பவளே தெருவிலிருந்து வந்த நாட்டு நாய்தான்.

படி 4: தாயைப் பாருங்கள், பிறகு குட்டியை

குட்டியை வாங்குவது என்று முடிவானால், முதலில் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தாய் உங்களிடம் வாலாட்டி வருகிறதா, மூலைக்குப் போகிறதா என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும்.

தரையில் உட்காருங்கள். எந்தக் குட்டி தானாக வருகிறது, தூக்கினால் உடம்பைத் தளர்த்துகிறதா என்று பாருங்கள். அப்புறம் சற்றுத் தள்ளி ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிடுவது தவறில்லை. சில நொடிகளில் தேறி, என்ன அது என்று மோந்து பார்க்க வருகிறதா? அந்தக் குட்டிதான் எனக்கு வேண்டும்.

குட்டியின் பதினான்காவது வாரம் வரை மூளை புதியவற்றை எளிதாக ஏற்கும். தடுப்பூசிகள் முடியாத நாட்களில் தெருவில் இறக்கிவிடாமல் கையில் தூக்கிக்கொண்டு காட்டுங்கள்: கைத்தடி, ஹெல்மெட் போட்டவர், தாடி வைத்தவர், குக்கர் விசில், கோயில் மணி.

முதன்முதலாக நாய் வளர்ப்பவர்களுக்கு என் சிபாரிசு, இரண்டு வயதுக்கு மேற்பட்ட நாயைத் தத்தெடுப்பது. குட்டியிடம் குணத்தை ஊகிக்க வேண்டும், வளர்ந்த நாயிடம் நேரில் பார்க்கலாம். காப்பகத்தில் கேட்டு இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பாருங்கள்.

படி 5: அவசரப்படாமல் தொடங்குங்கள்

தெரபி நாய்களைப் பதிவு செய்யும் அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு, நாய்க்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது உங்களோடு வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. பச்சை இறைச்சி உண்ணும் நாயை அவர்கள் ஏற்பதில்லை. இங்கேயும் இதையே பின்பற்றலாம்.

அழைத்துப் போகும் இடத்தில் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் "எனக்குப் போதும்" என்று நாய் சொல்லும் விதம். உடனே வெளியே வந்துவிடுங்கள். எங்கள் நாய் முதல் தடவை சக்கர நாற்காலிச் சத்தத்துக்கே பின்வாங்கினாள், பத்தே நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். பழைய நாற்காலி ஒன்றைக் கடன் வாங்கி, ஒரு மாதம் ஹாலில் போட்டு, அதன் அருகிலேயே சோறு வைத்தோம். முதலில் நிற்கும் நாற்காலி, பிறகு மெதுவாக நகரும் நாற்காலி, பிறகு யாராவது உட்கார்ந்திருக்கும் நாற்காலி. அடுத்த முறை போனபோது, அதில் உட்கார்ந்திருந்த தாத்தாவின் முழங்காலில் தானாகவே முகத்தை வைத்தாள்.